மீன் பெட்டி ஐஸில் வைத்த பெயாரிங்

காரின் பின் சக்கரத்தில், எங்கள் பேச்சில் பின் சில்லில், பெயாரிங் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. கைச் சுத்தமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே அரை நாளில் முடித்துவிடலாம். புத்தளத்துக்குப் பக்கத்தில் பாலாவியில் ஒரு கராஜில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். அதற்குப் பிறகு மாம்புரியில் என் வீட்டு முற்றத்தில், முருங்கை மரத்துக்குக் கீழே, இன்னும் எட்டு வருடம். எத்தனை பெயாரிங் மாற்றியிருப்பாய் என்று கேட்டால் தலையைத்தான் சொறிவேன். ஒன்றை மட்டும் மறக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது வேலை பழகுகிற பிள்ளைகள் வாசித்தால் நல்லது.

என் மனைவி ரீட்டா, "இதையெல்லாம் என்னத்துக்கு எழுதுறீங்க? மானம் போகப்போகுது" என்றாள். போகட்டும். நான்கு வருடத்துக்கு முன்பே போயிருக்க வேண்டிய மானம் அது.

1. சத்தம்

நியாஸை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். தொண்ணூறில் முஸ்லிம் ஆட்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம். வரும்போது அவருக்குப் பதின்மூன்று வயது. வளர்ந்து, நுரைச்சோலைப் பக்கம் தோட்டக்காரரிடம் வெங்காயமும் மிளகாயும் வாங்கி விற்கிற வியாபாரத்துக்கு வந்தார். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னைப் பாஸ் என்பார். எங்கள் பக்கம் மேசனும் பாஸ், தச்சனும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ். அது பெரிய பட்டம் ஒன்றும் இல்லை.

அவரிடம் பழைய வெள்ளை நிற ஜப்பான் கார் ஒன்று இருந்தது. வியாபாரத்துக்கு லொறி வேறு. கார் அவருடைய மனைவி பரீனாவுக்காகவே வாங்கியது. பரீனாவுக்குச் சின்ன வயதிலிருந்து முட்டு. ஆஸ்துமா என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சிலாபத்தில் நெஞ்சு கிளினிக். முட்டுக் கடுமையானால் புத்தளத்துக்கு ஓட வேண்டும். பஸ்ஸில் தூசியோடு போனால் போய்ச் சேரும்போது இன்னும் மோசமாகிவிடும்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். கார் கேட் வாசலுக்கு வரும்போதே பின்பக்கத்திலிருந்து "ஊ" என்று ஒரு சத்தம். பரீனா இறங்கி, முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து, பம்ப்பை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தார். பிறகு சிரித்தார்.

"பாஸ், இந்தக் கார் என்னை விட மோசமா மூச்சு வாங்குது. முதல்ல அதுக்கு ஒரு பம்ப் குடுங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே டொக்டர்தான் சரி தங்கச்சி" என்றேன்.

காரை ஜக்கில் ஏற்றினேன். ஒரு கையால் சில்லைச் சுற்றி, மற்றக் கையைப் பின் ஸ்பிரிங்கின் மேல் வைத்தேன். பெயாரிங் போயிருந்தால் அந்த ஸ்பிரிங் விரலுக்குச் சொல்லும். மணலை அரைப்பது மாதிரி ஓர் அதிர்வு வரும். வலது பக்கம் சுத்தமாக ஓடியது. இடது பக்கம் அரைத்தது.

ஒரிஜினல் பெயாரிங் கொழும்பிலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்றேன். நியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "திங்கக்கிழமை கிளினிக் பாஸ். நாலு நாள் எண்டா திங்கள் போயிரும்" என்று சொல்லி, அடுத்த நாளே சிலாபத்துக்குப் போய் ஒரு கடையில் ஒரிஜினல் மாதிரிச் செய்த கொப்பி சாமான் ஒன்றை வாங்கி, சனிக்கிழமை காலை கொண்டு வந்தார்.

பெட்டியைத் திறந்து, பெயாரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். "ஒரிஜினல் இல்ல தம்பி. நான் எண்டா பொறுத்திருப்பன்" என்றேன். அது வாய்க்கு வந்த பேச்சு. உண்மையைச் சொன்னால், சாமான் நல்ல சாமான். பஞ்சு மாதிரிச் சுற்றியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஐஸ்

பெயாரிங், சில்லோடு சுற்றுகிற பிரேக் டிரம்முக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். கராஜில் அதை இறக்க பிரெஸ் மெஷின் உண்டு. வீட்டில் இல்லை. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். டிரம்மைச் சிரட்டைக் கரி நெருப்பில் சூடாக்குவது. அது கொஞ்சம் விரியும். பெயாரிங்கை ஐஸில் வைப்பது. அது கொஞ்சம் சுருங்கும். பிறகு பழைய பெயாரிங்கின் வளையத்தை மேலே வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் தானாகப் போய் உட்காரும். சம்மட்டியால் மொத்துகிறவன் மெக்கானிக் இல்லை, மாடு. இதைப் பாலாவிக் கராஜில் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லியிருப்பேன்.

வழமையாகப் பெயாரிங்கை இரண்டு பிளாஸ்டிக் சொப்பிங் பையில் சுற்றிக் கட்டி முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுவேன். அந்த வேலை சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. சாமானும் அப்போதுதான் கைக்கு வந்தது. நியாஸ் கொண்டு வந்து காரின் பொனட் மேல் வைத்திருந்தார். பத்து மணி வெயில். பெட்டி தொட முடியாத சூடு.

அந்த நேரம் ரீட்டாவின் தம்பியுடைய வள்ளம் கரைக்கு வந்திருந்தது. மீன் பெட்டியை எங்கள் வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு அவன் லொறிக்காரனைத் தேடிப் போயிருந்தான். பெட்டிக்குள் நொறுங்கிய ஐஸும் கடல் தண்ணீரும். எங்கள் ஆட்கள் ஐஸுக்குக் கடல் தண்ணீர் ஊற்றுவார்கள். உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும், மீன் விறைத்து நிற்கும். அது எனக்கும் தெரியும். அதுதான் என் கெட்ட காலம். பிரிட்ஜ் ஐஸை விட இது திறமானது, இன்னும் நன்றாகச் சுருங்கும் என்று என் மூளை வேலை செய்தது. அன்று என்னைப் போல கெட்டிக்காரன் மாம்புரியிலேயே இல்லை என்ற நினைப்பு எனக்கு.

பெயாரிங்கை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கட்டி, மீன்களுக்கு நடுவில் புதைத்தேன். இரண்டு பை போடவில்லை. ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது.

அரை மணித்தியாலம் கழித்து எடுத்தபோது பைக்குள் தண்ணீர். மீன் செட்டை ஏதோ பையைக் கிழித்திருந்தது. பெயாரிங் உப்புத் தண்ணீரில் கிடந்தது. நெருப்பில் டிரம் தயாராக இருந்தது. எடுத்து வைத்தால் ஆறிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயாரிங்கைத் துணியால் துடைத்தேன்.

பக்கத்தில் நின்ற நியாஸ் பார்த்துவிட்டார். "பாஸ், தண்ணி பட்டிருக்கே?"

"இது சீல் போட்ட சாமான் தம்பி. உள்ளுக்குப் போகாது."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலை தெரிந்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

இப்போது பிள்ளைகள் கேளுங்கள். சூடான சாமானைத் திடீரென்று குளிரில் போட்டால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருப்பதை உறிஞ்சும். தண்ணீருக்குள் கிடந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். தெறிக்கிற தண்ணீரைச் சீல் தடுக்கும். உறிஞ்சுகிற தண்ணீரைத் தடுக்காது. இது எனக்குத் தெரியாததும் இல்லை. ஓடிச் சூடான சில்லோடு கடலுக்குள் இறங்கி வள்ளம் இழுக்கிற டிராக்டர்காரர்களை இதே காரணத்துக்காக நானே ஏசியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்த வாய் அன்று மூடிக்கொண்டது.

பெயாரிங் அழகாகப் போய் உட்கார்ந்தது. பெயாரிங் கழராமல் பிடிக்கிற சர்க்கிளிப்பைப் போட்டேன், டிரம்மை மாட்டினேன், நட்டை இறுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. திங்கட்கிழமை அவர்கள் சிலாபம் போய் வந்தார்கள். வரும் வழியில் ரீட்டாவுக்குப் பரீனா ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

3. ஒரு போன்

நான்கு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை நியாஸ் போன் எடுத்தார்.

"பாஸ், இடப் பக்கம் திரும்பவும் லேசா ஒரு சத்தம் மாதிரி."

எனக்கு அந்தக் கணமே பையும் தண்ணீரும் ஞாபகம் வந்தன. ஆனால் வாய் வேறு சொன்னது. "டயர் சத்தமா இருக்கும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாங்க, பாப்பம்."

இப்போதே கொண்டு வாங்க, ஓட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார். கேட்டால் பையின் கதையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெதுவாகக் கழற்றி, சத்தம் போடாமல் வேறொன்றைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஞாயிறு வரவே இல்லை.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி போன். நியாஸின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாஸ், ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சில்லு இறுகிட்டு. கார் அசையுதில்ல. அவளுக்கு மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு. பம்ப் அடிச்சும் சரிவரல்ல. பாஸ், என்ன செய்யிற?"

"அம்புலன்சுக்கு அடிச்சீங்களா? எந்த இடம்?"

"அடிச்சிட்டன், வருதாம். பாலாவிக்கு இங்கால, உப்பளம் தெரியிற இடம். ரோட்டில ஒருத்தரும் இல்ல பாஸ்."

ஜும்ஆ தொழுகை நேரம். கடைகள் பூட்டு, ரோடு வெறிச்சு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட் கூடப் போடாமல் ஓடினேன். ஓடும்போது, "மாதாவே, ஒரு வாகனம் வரச் செய்யும், ஒரு வாகனம் வரச் செய்யும்" என்று இதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் மட்டும் நின்றது. கதவு திறந்து கிடந்தது. இடது பின் சில்லிலிருந்து எரிந்த கிரீஸ் நாற்றம். ரோட்டில் சில்லு இழுபட்ட கறுப்புக் கோடு. முன் ஆசனத்தில் பரீனாவின் பம்ப் கிடந்தது, கீழே ஒரு செருப்பு. அம்புலன்ஸ் வருமுன்னே உப்பு லொறி ஒன்று வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனதாக, அந்தப் பக்கம் மாடு மேய்த்த ஒருவர் சொன்னார். "அந்த மனுசன் பாவம், பொஞ்சாதியத் தூக்கிக்கிட்டு ரோட்டில அரை மணித்தியாலத்துக்கு மேல நிண்டிச்சி" என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. நியாஸ் சுவரில் தலையைச் சாய்த்து நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா எண்டு டொக்டர் சொல்றாரு பாஸ்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்புத்தான்.

5. ஓம்

ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், கழித்துக் காரைக் கட்டி இழுத்து என் முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். நியாஸ் அதே கதிரையில் இருந்தார். டிரம்மைக் கழற்றினேன். பெயாரிங் வெடித்திருந்தது. கிரீஸ் பால் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் கலந்தால்தான் கிரீஸ் அந்த நிறத்துக்கு வரும். வளையத்தில் குண்டுகள் ஓடுகிற பாதை முழுக்க உப்புத் துரு. வெளியிலிருந்து ஏறிய துரு இல்லை, உள்ளேயே விளைந்தது. முப்பது வருட வேலைக்காரனுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

முன்னால் இருந்த மனிதரைப் பார்த்தேன். ஒரு கிழமையாக வெட்டாத தாடியில் பாதி வெள்ளையாகத் தெரிந்தது.

"சாமான்தானே பாஸ் பிழை? நீங்க அண்டைக்கே சொன்னீங்களே, ஒரிஜினல் இல்ல எண்டு. நாந்தானே அவசரப்பட்டன்?"

"ஓம்" என்றேன்.

ஆமாம் என்பதற்கு எங்கள் பக்கத்து ஒரு சொல். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, நாலு நாள் பொறுத்திருக்கலாமே" என்றார். நான் பெயாரிங்கைத் துணியில் சுற்றி, பழைய பால்மா டின் ஒன்றுக்குள் போட்டேன். எறிந்திருக்கலாம். எறிய மனம் வரவில்லை. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அந்த "ஓம்" எங்கெல்லாம் போனது என்று பிறகுதான் தெரிந்தது. நாற்பதாம் நாள் கத்தத்துக்கு, பரீனாவுக்காக ஓதிச் சோறு கொடுக்கிற நாளுக்கு, ரீட்டாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். நியாஸுக்கு ஒரே மகள், ஷிபானா, அப்போது பத்தொன்பது வயது. வாசலில், ஆட்களுக்கு முன்னாலேயே, வாப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு நாள் பொறுக்க ஏலாமப் போச்சே வாப்பா உங்களுக்கு. உம்மாவ நீங்கதான் சாவுக்குக் கொண்டு போய் விட்டீங்க."

அந்த அவசரம் அவளுடைய உம்மாவின் கிளினிக்குக்காகத்தான் என்றுகூட நியாஸ் சொல்லவில்லை. நான் கையில் தட்டோடு நின்றேன். சொல்ல வேண்டிய இடம் அது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே ஷிபானா புத்தளத்தில் சாச்சி வீட்டுக்கு, உம்மாவின் தங்கை வீட்டுக்கு, போய்விட்டாள். வாப்பாவோடு கதை பேச்சு இல்லை. காரை நான் வேறு பெயாரிங் போட்டுச் சரி செய்து கொடுத்தேன். அந்தக் காரில் அவள் கால் வைக்கவே இல்லை.

6. மூன்று அருள் நிறைந்த மந்திரம்

நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "பொய் சொன்னேன், ஃபாதர்" என்றேன். "எத்தனை தரம்?" என்று கேட்டார். "ஒரு தரம்" என்றேன். பரிகாரமாக மாதாவுக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். ஃபாதர் மேல் பிழை இல்லை. ஒரு பெண்ணின் சாவை, ஒரு தகப்பனின் பழியை, ஒரு பிள்ளையின் கோபத்தை எல்லாம் "பொய்" என்ற ஒரு பொட்டலத்துக்குள் சுற்றிக் கொடுத்தது நான்தான். மந்திரத்தைச் சொல்லி முடித்து வெளியே வந்தேன். மனம் கொஞ்சமும் லேசாகவில்லை.

மூன்று வருடம் இப்படியே போனது. நியாஸ் கார் சேவிஸுக்கு என்னிடம்தான் வந்தார். ஒவ்வொரு தரமும் சிரித்துப் பேசுவார். ஒவ்வொரு தரமும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

7. மடித்த கடதாசி

போன வருடம் ஒரு காலை நியாஸ் காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வெள்ளைச் சாரம், கையில் மடித்த கடதாசி ஒன்று.

"சேவிசா தம்பி?"

"இல்ல பாஸ். உம்ராவுக்குப் போறன், வாற கிழமை பயணம். போக முந்தி மன்னிப்புக் கேக்க வந்தன்."

முஸ்லிம் ஆட்கள் மக்காவுக்குப் புறப்படுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் போய் மன்னிப்புக் கேட்பது எனக்குத் தெரியும். பல பேர் வந்திருக்கிறார்கள். "ஐயோ, அப்படி ஒண்டும் இல்ல, நல்லபடியாப் போய் வாங்க" என்று சொல்லி, பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணீர், கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"இல்ல பாஸ், சும்மா கேக்கிற மன்னிப்பு இல்ல. உங்களுக்கு நான் செஞ்சது ஒண்டு இருக்கு." கடதாசியை விரித்தார். பெயர்கள் எழுதி, பாதிக்கு மேல் கோடு போட்டிருந்தது. "அவ மவுத்தான புதுசில நான் உங்களச் சந்தேகப்பட்டன். அந்தப் பைக்குள்ள கிடந்த தண்ணி என்ட கண்ணுக்குள்ளயே நிண்டிச்சி. பாஸ்தான் ஏதோ பிழை விட்டுட்டாரு எண்டு என்ட மூத்த நானாக்கிட்டயும் சொன்னன். உங்கட முதுகுக்குப் பின்னால பேசிட்டன். நீங்க எனக்காக வெயில்ல ஓடி வந்த மனுசன். அல்லாவுக்குச் செஞ்சத அல்லா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான் மன்னிக்கணும் எண்டு மௌலவி சொன்னாரு. என்ன மன்னிச்சிருங்க பாஸ்."

இரண்டு கையையும் என் கைக்கு நீட்டினார்.

என்னால் முடியவில்லை. கை கொடுத்திருந்தால் நான் மனிதனே இல்லை. உள்ளே போய் அலுமாரிக்கு மேலிருந்த பால்மா டின்னை எடுத்து வந்து, துணியை அவிழ்த்து, பெயாரிங்கை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க சந்தேகப்பட்டது சரி தம்பி. சாமான் நல்ல சாமான். நான்தான் மீன் பெட்டி ஐஸுக்குள்ள போட்டுக் கெடுத்தன். உப்புத் தண்ணி உள்ளுக்குப் போயிட்டு. இந்தத் துருவப் பாருங்க. உங்கட அவசரத்தால ஒண்டும் நடக்கல்ல."

அவர் பெயாரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரீட்டா பிளேன்டியோடு வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கழட்டின அண்டைக்கே தெரியும்."

"நான் கேட்டனே. சாமான்தானே பிழை எண்டு கேட்டனே. ஓம் எண்டீங்களே."

"ஓம் எண்டுதான் சொன்னன். பயம் தம்பி. வேற ஒண்டும் இல்ல, பயம்."

அவர் பெயாரிங்கின் துருவை நகத்தால் சுரண்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கு வெள்ளி அவள அடக்கின கபுறடிக்குப் போவன் பாஸ். என்ட அவசரத்துக்கு மன்னிப்புக் கேப்பன். மூணு வருசம் ஒரு வெள்ளி விடல்ல. என்ட பிள்ள என்ட முகத்தில முழிக்கிறதில்ல. நானும் சரிதான், எனக்கு இது வேணும் எண்டு இருந்திட்டன்."

பெயாரிங்கைக் கதிரையில் வைத்தார். கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். என் பெயருக்குக் கோடு போடாமல் போனார்.

அன்று பின்னேரம் ரீட்டா வந்து, "எனக்குக்கூடச் சொல்ல ஏலாமப் போச்சே உங்களுக்கு" என்று சொல்லி அழுதாள். பரீனா அவளுக்கும் சிநேகிதி.

8. மகள்

நியாஸ் உம்ரா முடிந்து திரும்பி வந்தபோது என் வீட்டுக்கும் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. ரீட்டாவிடம் பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் போத்தல் மக்காவின் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்துவிட்டு, முருங்கைக்குக் கீழே நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அங்க நிண்டு எல்லாருக்கும் துஆக் கேட்டன். உங்கட பேரும் வந்திச்சி. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லப் பாத்தன், வாயில வரல்ல. அந்த இடத்தில பொய் சொல்ல ஏலா பாஸ்."

"சொல்ல வேணாம் தம்பி."

"ஒரு நாளைக்கு வரும். வந்தா சொல்றன். இப்ப நீங்க எனக்கு ஒரு வேலை செய்யணும். ஷிபானாக்கிட்டப் போய் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, வாப்பா தன்னக் காப்பாத்தப் பழிய மத்தவங்கட தலையில போடுறாரு எண்டுதான் நினைப்பா."

அடுத்த நாள் புத்தளத்துக்குப் பஸ் ஏறினேன். மடியில் பால்மா டின். பாலாவி வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். உப்பளப் பக்கம் வரும்போது என்னால் அந்த ரோட்டைப் பார்க்க முடியாது.

ஷிபானா ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கதவைத் திறந்து, "என்ன அங்கிள், வாப்பா அனுப்பினாரா?" என்றாள். குரலில் கதவைச் சாத்துகிற தோரணை. பின்னால் சாச்சி நின்றார்.

"ஓம் மகள். ஆனா வாப்பாக்காக வரல்ல. எனக்காக வந்தன்."

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வெயிலில் சூடான பெட்டி, மீன் ஐஸ், கிழிந்த பை, நான் துடைத்த துணி, செவ்வாய்க்கிழமை போன், அந்த "ஓம்". ஒன்றையும் ஒளிக்கவில்லை. பெயாரிங்கைக் கொடுத்தேன். அவள் அதைச் சுற்றப் பார்த்தாள். அது கரகரவென்று அரைத்து, பாதியில் இறுகி நின்றது.

"அப்ப வாப்பா ஒண்டும் செய்யல்லயா?"

"ஒண்டும் செய்யல்ல மகள். வாப்பா உம்மாட கிளினிக்குக்காக அவசரப்பட்டாரு. அவ்வளவுதான்."

"ஆளுகளுக்கு முன்னால சொன்னனே. நீங்களும் அதில நிண்டீங்களே அங்கிள். கேட்டுக்கிட்டு நிண்டீங்களே."

"நிண்டன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்னை ஏசவில்லை. பெயாரிங்கை என் டின்னுக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள். சாச்சி, "இருங்க" என்றும் சொல்லவில்லை, "போங்க" என்றும் சொல்லவில்லை. நான் படியிறங்கும்போது உள்ளேயிருந்து அவளுடைய குரல் கேட்டது. "வாப்பா" என்றாள். பிறகு அழுகைதான். போனில் அந்தப் பக்கம் இருந்தவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தேன்.

பிள்ளைகளே, இனி வேலையைச் சொல்கிறேன். பெயாரிங்கைக் குளிர வைப்பதானால் பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு பையில் சுற்றி. பெட்டி வெயிலில் கிடந்திருந்தால் முதலில் நிழலில் ஆற விடுங்கள். மீன் ஐஸ் மீனுக்கு மட்டும். தண்ணீர் பட்டுவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் அந்தச் சாமானைப் போட வேண்டாம். மாட்டிய பிறகு பிழை என்று தெரிந்தால், அன்றைக்கே சொல்லுங்கள். "ஓட வேண்டாம், நான் பிழை விட்டிட்டன்" என்று சொன்னால் ஏச்சு விழும், பெயர் கெடும், ஒரு கிழமையில் ஆறும். சொல்லாமல் விட்டால் ஆறாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஏச்சுக்குப் பயந்திருக்காவிட்டால் பரீனா இன்றைக்கும் என் முற்றத்தில் உட்கார்ந்து தன் காரைப் பகிடி பண்ணிக்கொண்டிருப்பார்.

நியாஸ் இன்னும் அந்த மன்னிப்புச் சொல்லைச் சொல்ல வரவில்லை. கார் இப்போது நுரைச்சோலையில் வேறொரு பாஸிடம் போகிறது. அதுதான் நியாயம். ஆனால் என் வாசலால் போகும்போது என் காது தானாகத் திரும்பும். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என் வீட்டுக் கேட் வாசலில் நின்றேன். வெள்ளைக் கார் மெதுவாகக் கடந்து போனது. பின் சில்லில் ஒரு சத்தமும் இல்லை. முன் ஆசனத்தில் ஷிபானா இருந்தாள்.